ஜாம்பிப் படம் எது? நான்கு வரையறைகளை எடைபோட்டுப் பார்ப்போம்

'28 டேஸ் லேட்டர்' ஜாம்பிப் படமா, இல்லையா? நீண்ட வார இறுதியில் நண்பர் வீட்டில் விடிய விடியப் படம் பார்க்கலாம் என்று கூடுகிற எந்தக் குழுவும் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போனதாகத் தெரியவில்லை. ஒருவர் அதைப் பட்டியலின் தலையில் வைப்பார். "அதில் ஒரு பிணம்கூட எழுந்து நடக்கவில்லையே, அது நோய்ப் படம்" என்று இன்னொருவர் வெட்டுவார். மூன்றாமவர் ஹாங்காங்கின் துள்ளும் பிணங்களைக் கொண்டுவந்து நடுவில் நிறுத்துவார். வாட்ஸ்அப்பில் வாதம் முற்றி, கடைசியில் கிரிக்கெட் பார்த்துவிட்டுக் கலைவார்கள்.

தீர்ப்புச் சொல்லுங்கள் என்று வாசகர்கள் கேட்கிறார்கள். மோதிக்கொள்கிறவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு வரையறையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அதை வெளியே எடுத்துக் காட்டாமலே பேசுகிறார்கள். எனவே படங்களை விட்டுவிட்டு முதலில் வரையறைகளைக் கூண்டில் ஏற்றுவோம். புழக்கத்தில் இருப்பவை நான்கு. அவற்றுக்கு நானே பெயர் வைத்திருக்கிறேன்: பிணக் கட்சி, தொற்றுக் கட்சி, முற்றுகைக் கட்சி, பெயர்ப்பலகைக் கட்சி. சில படங்களின் முடிவுகளைச் சொல்லாமல் இதை எழுத முடியாது. பார்க்காதவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

## முதலில் அளவுகோல்கள்

சண்டை தீருகிறதா என்பது முதல் கேள்வி. ஒரே படத்தைப் பார்த்த இருவர், ஒரே வரையறையைப் பிடித்துக்கொண்டால் ஒரே விடைக்கு வர வேண்டும். அப்படியும் சொல்லலாம், இப்படியும் சொல்லலாம் என்று இழுத்தால் அந்த வரையறையால் பயனில்லை.

இரண்டாவது, பழைய படங்களையும் புதிய படங்களையும் சேர்த்துத் தாங்குகிறதா? இந்த வகைக்கு 1932 முதல் வரலாறு இருக்கிறது. தாத்தா படத்தை வெளியே தள்ளிவிட்டுப் பேரன் படத்துக்கு மட்டும் இடம் கொடுக்கும் வரையறைக்கு நல்ல காரணம் வேண்டும்.

மூன்றாவது, நம் வட்டாரத்தைப் பற்றி அது என்ன சொல்கிறது? சிங்கப்பூரில் மலாய்ப் பேயும் சீனப் பேயும் தமிழ்ப் பேயும் ஒரே புளோக்கில் குடியிருக்கின்றன. அவற்றை எங்கே வைப்பது என்று தெரியாத வரையறை இங்கே பாதி வேலைதான் செய்யும்.

நான்காவதுதான் எனக்கு முக்கியம். படம் பார்க்க வருகிறவரை ஏமாற்றாமல் இருக்கிறதா? ஜாம்பிப் படம் என்று சொல்லி அழைத்தால் அவர் எதையோ எதிர்பார்த்து வருகிறார். அது என்ன என்பதை வரையறை பிடித்திருக்க வேண்டும்.

## பிணக் கட்சி: செத்தவர் எழுந்தால்தான் ஜாம்பி

கேட்டவுடன் புரிகிற வரையறை. உயிர் போக வேண்டும், உடல் எழ வேண்டும். இதற்கு ஆதாரமாக எல்லாரும் நீட்டுவது ஜார்ஜ் ரொமேரோ 1968இல் எடுத்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்'. அண்மையில் இறந்தவர்கள் எழுந்து வந்து உயிரோடு இருப்பவர்களைத் தின்கிறார்கள். மூளையைச் சிதைத்தால்தான் விழுகிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் கட்சியினர் அந்தப் படத்தின் பேரால் சொல்லும் சட்டங்களில் பாதி அந்தப் படத்திலேயே இல்லை. கடித்தால்தான் பரவும் என்பார்கள். படத்தில் கடிபடாமல் செத்தவரும் எழுகிறார். காரணம் வெள்ளிக் கிரகத்திலிருந்து திரும்பிய விண்கலத்தின் கதிர்வீச்சாக இருக்கலாம் என்று தொலைக்காட்சிச் செய்தியில் ஊகமாகச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். காலை இழுத்து இழுத்துத்தான் நடக்கும் என்பார்கள். கல்லறைத் தோட்டத்தில் வரும் முதல் ஆளைப் பாருங்கள்: ஒல்லியான உடம்பு, மேல்கோட்டு, வெளிறிய முகம். நாயகி பார்பராவைக் கார் வரைக்கும் துரத்திக்கொண்டு வருகிறான். கதவு திறக்கவில்லை என்றதும் குனிந்து ஒரு கல்லை எடுத்துக் கண்ணாடியை உடைக்கிறான். பிணத்துக்குக் கருவி பிடிக்கத் தெரியாது என்பார்கள். நிலவறையில் செத்து எழும் சிறுமி, தன் தாயைக் கொத்துக்கரண்டியால் குத்திக் கொல்கிறாள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஜாம்பி என்ற சொல்லைப் படத்தில் யாரும் உச்சரிப்பதே இல்லை.

ஓடுவதா, நடப்பதா என்ற கிளைச் சண்டையையும் இங்கேயே முடித்துவிடலாம். 1985இன் 'தி ரிட்டர்ன் ஆஃப் தி லிவிங் டெட்' படத்தில் பிணங்கள் ஓடுகின்றன, பேசுகின்றன, மூளை வேண்டும் என்று கேட்கவும் செய்கின்றன. 2004இல் வந்த 'டான் ஆஃப் தி டெட்' மறுவாக்கத்தில் பந்தய வேகத்தில் ஓடுகின்றன. செத்தது செத்ததுதான், வேகம் இயக்குநரின் விருப்பம்.

இந்த வரையறையின் பலம் அதன் தெளிவு. ஆனால் அந்தத் தெளிவுக்கு இரண்டு பக்கமும் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. முதலாவது, எதிர்பாராத விருந்தாளிகள் உள்ளே வந்துவிடுவார்கள். செத்த உடல் நடமாடினால் போதும் என்றால் பிராங்கன்ஸ்டைனின் படைப்பும் டிராகுலாவும் ஜாம்பிகள். முருங்கை மரத்தில் தொங்கும் பிணத்துக்குள் புகுந்துகொண்டு விக்கிரமாதித்தனுக்கு விடுகதை போடும் வேதாளமும் ஜாம்பிதான். கூடுவிட்டுக் கூடு பாய்ந்த சித்தர்களை எந்த வரிசையில் உட்கார வைப்பது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, செத்தாரா இல்லையா என்று படமே சொல்லாதபோது வரையறை திணறுகிறது. 2016இன் கொரியப் படமான 'டிரெயின் டு பூசான்' தொடக்கத்தில் ஒரு மான் வண்டியில் அடிபட்டு விழுந்து, சற்று நேரம் கழித்துக் கால்களை முறுக்கிக்கொண்டு எழுகிறது. அது செத்து எழுந்தது என்று நமக்குத் தெரிகிறது. ஆனால் ரயிலுக்குள் கடிபட்டுச் சில நொடிகளில் மாறுகிற பயணி செத்தாரா? நாடி பிடித்துப் பார்க்க அங்கே யாருக்கும் நேரமில்லை. பார்க்கிறவருக்கும் அதைப் பற்றிக் கவலையில்லை.

எப்போது இது சரியான தேர்வு? வினாடி வினா நடத்துகிறீர்கள், பழைய திகில் படங்களில் ஊறியவர்களின் கூட்டம், ரொமேரோ படங்களை வரிசையாகப் பார்க்கும் இரவு என்றால் இதையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே விடை ஆம் அல்லது இல்லை என்று இருந்தாக வேண்டும்.

## தொற்றுக் கட்சி: ஆள் போய்விட வேண்டும், கூட்டம் பெருக வேண்டும்

டேனி பாயிலின் '28 டேஸ் லேட்டர்' 2002இல் வந்தது. கேம்பிரிட்ஜ் ஆய்வுக்கூடத்திலிருந்து வெறிக் கிருமி வெளியேறுகிறது. தொற்றியவர்கள் உயிரோடுதான் இருக்கிறார்கள். சாப்பிடத் தெரியாமல் பட்டினியால் சாகவும் செய்கிறார்கள். ஒரு சிப்பாயைச் சங்கிலியில் கட்டிவைத்து, சாக எத்தனை நாளாகிறது என்று ராணுவத்தார் வேடிக்கை பார்ப்பதே படத்தில் ஒரு கிளைக்கதை. பிணக் கட்சி இந்தப் படத்தை வாசலிலேயே நிறுத்திவிடும்.

ஆனால் ஃபிராங்க் என்ற அந்தத் தகப்பனுக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். மான்செஸ்டருக்கு வெளியே ராணுவத் தடுப்பு வெறிச்சோடிக் கிடக்கிறது. மேலே ஒரு சடலத்தைக் காகம் கொத்திக்கொண்டிருக்கிறது. ஃபிராங்க் அண்ணாந்து பார்க்கிறார். ஒரு சொட்டு இரத்தம் கண்ணில் விழுகிறது. என்ன நடந்தது என்று அவருக்கு உடனே புரிந்துவிடுகிறது. மகள் ஹானாவிடம் அவள்மேல் வைத்திருக்கும் அன்பைச் சொல்கிறார், கிட்டே வராதே என்று தள்ளிவிடுகிறார். அவர் உடம்பில் இன்னும் உயிர் இருக்கிறது, ஆனால் அந்தப் பெண்ணின் அப்பா சில நொடிகளுக்குள் அங்கே இல்லாமல் போய்விடுகிறார். ஜாம்பிப் படத்துக்கு வருகிறவர் எதைப் பார்த்து நடுங்க வருகிறாரோ அது இதுதான். இதயம் துடிக்கிறதா என்பது மருத்துவரின் கேள்வி.

ஆகவே இந்தக் கட்சி மூன்று நிபந்தனைகள் வைக்கிறது. உடல் இருக்க, அதற்குள் இருந்த ஆள் போய்விட வேண்டும். அவர் திரும்பி வரக்கூடாது. அவர் அப்படி ஆனதே அடுத்தவரை அப்படி ஆக்கும் வழியாகவும் இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால் ஜாம்பி, செத்ததா சாகவில்லையா என்பது இரண்டாம்பட்சம்.

இதை வைத்துப் பார்த்தால் 1968இன் படமும் 2016இன் படமும் எங்கே கைகோக்கின்றன என்று தெரிகிறது. ரொமேரோ படத்தில் இரவு முழுக்கப் போராடித் தப்பிய பென், காலையில் சன்னலோரம் வருகிறான். பிணங்களை வேட்டையாட வந்த கும்பல் அவனையும் பிணம் என்று நினைத்துச் சுட்டுவிடுகிறது. அவன் கறுப்பினத்தவன், சுட்டவர்கள் வெள்ளையர்கள். 'டிரெயின் டு பூசான்' முடிவில் சுரங்கப்பாதை இருட்டிலிருந்து இரண்டு உருவங்கள் வருகின்றன. சுடச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. அப்போது சிறுமி பாடும் குரல் கேட்கிறது, துப்பாக்கி தாழ்கிறது. உள்ளே ஆள் இருக்கிறதா என்பதைத் தூரத்திலிருந்து தீர்மானிக்க வேண்டிய கட்டாயம் இரண்டு படங்களிலும் இருக்கிறது. நாம் வாட்ஸ்அப்பில் அடித்துக்கொள்ளும் அதே வரையறைச் சண்டை, அங்கே துப்பாக்கி முனையில் நடக்கிறது.

தமிழுக்கு வருவோம். சக்தி சௌந்தர் ராஜன் இயக்கிய 'மிருதன்' 2016இல் வெளிவந்தது. ஊட்டியில் போக்குவரத்துக் காவலராக ஜெயம் ரவி. இரசாயனக் கழிவு, அதைத் தொட்ட நாய், அங்கிருந்து மனிதர்கள் என்று தொற்று நகர்கிறது. மாறியவர்களுக்குத் தண்ணீரைக் கண்டால் பயம், வெறிநாய்க்கடி கண்ட ஊருக்கு நன்றாகத் தெரிந்த அடையாளம். இந்த வரையறையில் அது எந்தக் கேள்வியும் இல்லாமல் உள்ளே. ஜேசன் டான் 2018இல் எடுத்த சிங்கப்பூர்ப் படமான 'ஜாம்பிபுரா'வும் உள்ளே. பயிற்சிக்காக ராணுவ முகாமுக்குத் திரும்பிய ஆட்கள் தொற்றுக்கு நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள். தேசிய சேவை செய்தவர்கள் சிரிக்கும் இடங்களில் மற்றவர்கள் விழிப்பார்கள், அதையும் கணக்கில் கொண்டு ஆட்களைக் கூப்பிடுங்கள்.

மறைந்திருக்கும் செலவுகள் இதற்கும் உண்டு. கரீபியன் தீவு நாடான ஹைட்டியிலிருந்து வந்த, மந்திரவாதிக்கு அடிமையாக உழைக்கும் ஜாம்பிகளின் பழைய கதைகள் எல்லாம் வெளியே போய்விடும், அவற்றில் தொற்று கிடையாது. உயிரற்ற காதலன் மெல்ல மனிதனாகத் திரும்பும் 'வார்ம் பாடீஸ்' (2013) இரண்டாவது நிபந்தனையில் தோற்கிறது, ஆனால் அது ஜாம்பிப் படமல்ல என்று சொன்னால் பக்கத்தில் இருப்பவர் சிரிப்பார். விதியை வேண்டுமென்றே உடைத்து விளையாடும் படத்துக்கு விதிவிலக்குக் கொடுப்பதுதான் நியாயம். இன்னொரு செலவு கொஞ்சம் கனமானது. நோயாளியை அரக்கனாகக் காட்டுகிற கதைகள் இவை. கொவிட்-19 பரவியபோது 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை இந்த ஊரே கதவடைத்துக்கொண்டு இருந்தது. தங்கும் விடுதிகளில் இருந்த வெளிநாட்டு ஊழியர்களுக்கு அது இன்னும் நீண்டது. அந்தக் காலத்தில் யாரையாவது இழந்தவரும், கிருமி இருக்குமோ என்று பிறர் விலகி நடந்ததைப் பார்த்தவரும் கூட்டத்தில் இருக்கலாம். முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

எப்போது இது சரி? நண்பர்கள் கூட்டம், பல இனத்தவர் சேர்ந்து பார்க்கும் இரவு, 2000த்துக்குப் பிந்திய ஆசியப் படங்கள் நிறைந்த பட்டியல். பெரும்பாலான வாசகர்களின் நிலைமை இதுதான்.

## முற்றுகைக் கட்சி: கதையின் அமைப்பைப் பார்

இவர்களுக்குப் பிணமும் வேண்டாம், கிருமியும் வேண்டாம். அடைபட்ட இடம், வெளியே முடிவில்லாத கூட்டம், உள்ளே ஒருவரை ஒருவர் நம்பாத சில மனிதர்கள், குறைந்துகொண்டே போகும் உணவு. இவை இருந்தால் ஜாம்பிப் படம். 1968இல் பண்ணைவீடு, 1978இல் ரொமேரோவின் 'டான் ஆஃப் தி டெட்' படத்தில் பென்சில்வேனியாவின் மன்ரோவில் பேரங்காடி, 2016இல் ரயில் பெட்டி, 2018இல் ராணுவ முகாம்.

படம் எடுக்க நினைக்கும் மாணவர்களுக்கு இதைப்போல உதவும் வரையறை வேறில்லை. சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நீண்ட நடைவழி, இரும்புக் கதவு, மாடிக்கு மாடி நின்று திறக்கும் மின்தூக்கி. புதிய வீடுகளில் கனத்த எஃகுக் கதவு போட்ட ஒரு புகலிட அறை வேறு இருக்கிறது. முற்றுகைக்கென்றே கட்டியது போன்ற அறை, ஆனால் அதற்குள் போய் ஒளிய வேண்டுமானால் முதலில் பழைய பெட்டிகளையும் அரிசி மூட்டையையும் தீபாவளி விளக்குச் சரங்களையும் வெளியே தள்ள வேண்டும். அதற்குள் கூட்டம் நான்காம் மாடிக்கு வந்துவிடும். இந்தக் காட்சியை யாராவது எடுக்க மாட்டார்களா என்று எனக்கு நெடுநாள் ஆசை.

ஆனால் பட்டியல் போடுகிறவருக்கு இது ஆபத்தான வரையறை. ஹிட்ச்காக்கின் 'தி பேர்ட்ஸ்' (1963) படத்தில் பறவைகள் வீட்டை முற்றுகையிடுகின்றன, அதையும் ஜாம்பிப் படம் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். பாதி போர்ப் படங்களும் பின்னாலேயே வரிசையில் நிற்கும். சண்டையைத் தீர்ப்பதற்குப் பதிலாகப் புதிதாக இரண்டு சண்டை மூட்டிவிடும். சுவைக்கு வைத்துக்கொள்ளுங்கள், தீர்ப்புக்கு வேண்டாம்.

## பெயர்ப்பலகைக் கட்சி: பெயரில் இருந்தால் ஜாம்பி

சோம்பேறி வரையறை என்று இதை ஒதுக்கிவிடத் தோன்றும். ஒதுக்காதீர்கள், வரலாறு முழுக்க இதன் பக்கம்தான் இருக்கிறது.

ஹைட்டியை அமெரிக்கா 1915 முதல் 1934 வரை பிடித்து வைத்திருந்தது. அந்தக் காலத்தில் வில்லியம் சீப்ரூக் என்ற பயணி 1929இல் வெளியிட்ட நூல் வழியாக ஜாம்பி என்ற பெயர் அமெரிக்க வாசகர்களிடையே பரவியது. 1932இல் விக்டர் ஹால்பெரின் 'ஒயிட் ஜாம்பி' எடுத்தார். டிராகுலாவாக நடித்துப் புகழ்பெற்றிருந்த பேலா லுகோசி இதில் கரும்பாலை முதலாளி, மந்திரவாதி. அவனுடைய ஆலையில் ஜாம்பிகள் இரவும் பகலும் செக்குச் சுற்றுகிறார்கள். கூலி கேட்பதில்லை, களைப்பதில்லை, வாய் திறப்பதில்லை. ஒருவன் கால் தவறி அரைக்கும் கிடங்குக்குள் விழுகிறான். மற்றவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, சக்கரம் நிற்கவில்லை. மரச் சக்கரத்தின் முனகல் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

இங்கே ஜாம்பி யாரையும் கடிப்பதில்லை. அவனைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை, அவனாக ஆகிவிடுவோமோ என்றுதான் பயப்பட வேண்டும். செத்த பிறகும் தோட்ட வேலை தீராது என்பது அடிமைகளாகக் கரும்புக்காட்டில் உழைத்துச் செத்தவர்களின் வழித்தோன்றல்களிடம் புழங்கிய அச்சம். மொரீஷியசுக்கும் நேட்டாலுக்கும் பீஜிக்கும் கரும்பு வெட்டப் போன ஒப்பந்தக் கூலிகளும், மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்குக் கப்பல் ஏறியவர்களும் நம் குடும்பங்களில் இருக்கிறார்கள். கடிக்கிற பிணத்தைவிடக் கேள்வி கேட்காமல் உழைக்கிற பிணம் நமக்குக் கிட்டத்தில் இருக்கிறது. தமிழில் யாராவது இந்தப் பழைய ஜாம்பியைத் தோட்டத்து லயத்துக்குக் கொண்டுவந்து படம் எடுத்தால், இதுவரை வந்த கடிக்கும் படங்கள் எல்லாம் அதற்குப் பின்னால்தான் நிற்க வேண்டும்.

தொற்றுக் கட்சி இந்தப் படத்தைத் தள்ளிவிடுகிறது. பரவல் இல்லை, அதோடு கதாநாயகி கடைசியில் தெளிந்து எழுகிறாள். பெயர்ப்பலகைக் கட்சிதான் இதையும், 1943இல் ஜாக் தூர்னர் எடுத்த 'ஐ வாக்ட் வித் எ ஜாம்பி' படத்தையும் காப்பாற்றி வைத்திருக்கிறது.

செலவு? பலகை எழுதுகிறவர் வியாபாரி. ரொமேரோவின் 1978 படம் இத்தாலியில் 'ஜாம்பி' என்ற பெயரில் ஓடியது. உடனே அங்கே லூசியோ ஃபுல்ச்சியின் 1979 படத்துக்கு 'ஜாம்பி 2' என்று பெயரிட்டு விற்றார்கள். முதல் படத்தோடு அதற்கு எந்தத் தொடர்பும் இல்லை. எதிர்ப்பக்கம் பார்த்தால், ஜாம்பி என்று ஒரு தடவைகூடச் சொல்லாத 1968 படம் இந்தக் கணக்கில் திண்டாடுகிறது. இணையத் திரைச் சேவைகளின் வகைப்பாடும் இதே ரகம்தான், ஒரு படம் எந்த அலமாரியில் விற்குமோ அங்கே வைப்பார்கள். யோகி பாபு நடித்த 'ஜாம்பி' (2019), தெலுங்கின் 'ஜாம்பி ரெட்டி' (2021) போன்றவற்றில் பலகை பொய் சொல்லவில்லை. ஆனால் பயமுறுத்தும் என்று நினைத்து வருகிறவர், வாசலில் இருப்பது நகைச்சுவை என்பதைப் பலகையிலிருந்து தெரிந்துகொள்ள முடியாது.

நூலகத்தில் பட்டியல் தயாரிப்பவர், இந்த வகையின் வரலாற்றை எழுதுகிறவர், வகுப்பில் சொல்லித்தருகிறவர் இதைத்தான் எடுக்க வேண்டும்.

## ஒரே பார்வையில்

| | பிணம் | தொற்று | முற்றுகை | பெயர்ப்பலகை |
|---|---|---|---|---|
| சண்டை தீருமா? | பெரும்பாலும் தீரும் | மூன்று நிபந்தனையையும் பிடித்தால் தீரும் | தீராது, வளரும் | உடனே தீரும், நியாயமாக அல்ல |
| 'ஒயிட் ஜாம்பி' (1932) | வாதத்துக்குரியது | வெளியே | வெளியே | உள்ளே |
| 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' (1968) | உள்ளே | உள்ளே | உள்ளே | வெளியே |
| 'மிஸ்டர் வேம்பயர்' (1985) | உள்ளே | பாதி | பாதி | வெளியே |
| '28 டேஸ் லேட்டர்' (2002) | வெளியே | உள்ளே | உள்ளே | வெளியே |
| 'மிருதன்' (2016) | வாதத்துக்குரியது | உள்ளே | உள்ளே | வெளியே |
| மறைந்திருக்கும் செலவு | டிராகுலாவும் வேதாளமும் உள்ளே வருவார்கள் | ஹைட்டி மரபு தொலையும் | எல்லாமே ஜாம்பிப் படமாகிவிடும் | வியாபாரியை நம்ப வேண்டும் |
| யாருக்கு | வினாடி வினா, பழம்பட ரசிகர் | நண்பர் கூட்டம் | படம் எடுப்பவர் | வரலாறு எழுதுபவர் |

'ஒயிட் ஜாம்பி'க்கு ஏன் வாதம் என்றால், அதில் ஆட்கள் உண்மையில் செத்தார்களா, மருந்தால் மயங்கிக் கிடந்து புதைக்கப்பட்டார்களா என்பதைப் படம் குழப்பத்திலேயே விட்டுவிடுகிறது.

## நம் வட்டாரத்துப் பேய்களை என்ன செய்வது

மலாய்ப் பெண்பேயான பொந்தியானாக்கைப் பட்டியலில் சேர்க்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். கூடாது என்பது என் கருத்து. அவளுக்கு ஒரு பெயர் இருக்கிறது, ஒரு மனக்குறை இருக்கிறது, தேடி வர ஒரு ஆள் இருக்கிறார். ஜாம்பிக்கு இந்த மூன்றும் இருக்காது. கேத்தே-கிரிஸ் நிறுவனம் 1957இல் சிங்கப்பூரில் எடுத்த 'பொந்தியானாக்' படத்தைப் பாருங்கள் என்று சொல்லத்தான் ஆசை, ஆனால் அதன் படச்சுருள் தொலைந்துவிட்டதாகவே கருதப்படுகிறது. இயக்கியவர் கேரளத்தில் பிறந்த பி. என். ராவ், நாயகி மரியா மெனாடோ. மந்திர மருந்தால் அழகியான பெண் இரத்தத்தை நாவில் படவிடக் கூடாது என்பது நிபந்தனை. பாம்பு கடித்த கணவனின் நஞ்சை உறிஞ்சும்போது அது மீறப்படுகிறது. அந்தக் கதையில் அவள் சாகவேயில்லை. ஆக, பிணக் கட்சியின் கணக்கில்கூட அவள் தேறமாட்டாள். தேடிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு அதே வரிசையில் 1958இல் வந்த 'சும்பா பொந்தியானாக்' எஞ்சியிருக்கிறது.

துள்ளும் பிணங்கள் சிக்கலானவை. ஹாங்காங்கின் 'மிஸ்டர் வேம்பயர்' படத்தில் விறைத்த உடல்கள் கையை நீட்டிக்கொண்டு தத்தித் தத்தி வருகின்றன. மூச்சை மோப்பம் பிடிக்கின்றன, நெற்றியில் மஞ்சள் மந்திரத்தாளை ஒட்டினால் நின்றுவிடுகின்றன. கீறல் பட்டவனும் மாறத் தொடங்குகிறான், ஆகத் தொற்று உண்டு. ஆனால் பசையரிசியால் நஞ்சை இறக்கி அவனைத் திருப்பிக் கொண்டுவர முடியும், கடைக்காரர் சாதா அரிசியைக் கலந்து விற்காமல் இருந்தால். அந்தக் கலப்படக் காட்சிக்காகவே அந்தப் படத்தை உள்ளே விடலாம் என்பது என் தீர்ப்பு. இரண்டாவது நிபந்தனை தவறுகிறதே என்று கேட்டால், தவறுகிறதுதான். விருந்தாளி என்று குறித்துக்கொள்ளுங்கள்.

சீன நாள்காட்டியின் ஏழாம் மாதத்தில் வரும் பசித்த ஆவிகளைப் பற்றி நீண்ட விவாதம் வேண்டாம். அவர்கள் நாள்பார்த்து வருகிறார்கள், படையல் வைத்தால் சாப்பிட்டுவிட்டு, கூத்து மேடையில் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். அவ்வளவு நாகரிகம் உள்ளவர்களை ஜாம்பி என்று அழைப்பது அவமரியாதை.

## அப்படியானால் எதை எடுப்பது

எந்தச் சிறப்புக் காரணமும் இல்லாத சாதாரண இரவுக்குத் தொற்றுக் கட்சியின் மூன்று நிபந்தனைகளை எடுங்கள். கூடவே இன்னொரு விதிவிலக்கு: 1968க்கு முந்திய படமாக இருந்து, ஜாம்பி என்று தன்னையே அழைத்துக்கொண்டால் மூத்தவர் என்ற முறையில் அனுமதி. இந்த ஒட்டுப்போடலில் ஹைட்டியும் பூசானும் ஊட்டியும் ஒரே பட்டியலில் நிற்கின்றன, டிராகுலா வெளியே நிற்கிறார்.

ஒரு படத்தில் விவாதம் முற்றினால் இதைக் கேட்டுப் பாருங்கள்: தனக்கு நன்றாகத் தெரிந்த ஒருவரின் முகத்தைப் பார்த்து, இது இன்னும் அவர்தானா என்று யாராவது நொடிகளில் முடிவெடுக்க வேண்டிய காட்சி படத்தில் இருக்கிறதா? இருந்தால் பட்டியலில் போடுங்கள். '28 டேஸ் லேட்டர்' இந்தச் சோதனையில் முதல் மாணவன்.

குழந்தைகள் வரும் வீடானால் வரையறை எதுவும் உதவாது. சிங்கப்பூரில் தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் கொடுக்கும் தரச்சான்று, படம் எந்த வகை என்பதைவிட அதில் என்ன காட்டப்படுகிறது என்பதைத்தான் பார்க்கிறது. பிஜி13 வரை உள்ளவை ஆலோசனைதான். என்சி16, எம்18, ஆர்21 மூன்றும் வயதுக் கட்டுப்பாடு உள்ளவை. இரண்டு படங்கள் ஒரே வரையறைக்குள் வந்தாலும் சான்றிதழில் வெகுதூரம் தள்ளி நிற்கலாம். சமூக மன்றத்திலோ வேறு பொது இடத்திலோ திரையிடுவதானால் சான்றிதழோடு உரிமையாளரின் அனுமதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டு வரவேற்பறை என்றால் 'ஒயிட் ஜாம்பி'யில் தொடங்குங்கள், அது ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் ஓடும், தாமதமாக வருகிறவர்கள் அதற்குள் வந்து சேர்ந்துவிடுவார்கள். 'டிரெயின் டு பூசான்' படத்தைக் கடைசிக்கு விடாதீர்கள். முடிவில் அழுகிறவர்கள் இருப்பார்கள், அதற்குப் பின் போட 'மிஸ்டர் வேம்பயர்' கையில் இருக்கட்டும்.